ரஷ்ய மன்னர் ஒருவரைப் பற்றிய நல்ல வரலாற்றுப் படம் ஒன்று சொல்லுங்களேன்?

செர்கேய் ஐசென்ஸ்டைன் எடுத்த ‘ஐவான் தி டெரிபிள்’. இரண்டு பாகம், சேர்த்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். என்னைக் கேட்டால், இரண்டாம் பாகத்துக்காகவே முதல் பாகத்தைப் பார்க்கலாம் என்பேன்.

1547-ல் ஜாராக முடிசூடிய நான்காம் ஐவான், போயர்கள் எனப்பட்ட பரம்பரைப் பிரபுக்களை ஒடுக்கி அதிகாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவருவதுதான் கதை. எடுக்கச் சொன்னதே ஸ்டாலின் அரசாங்கம். இரண்டாம் உலகப் போர்க்காலம் என்பதால் ஸ்டூடியோ கஜகஸ்தானின் அல்மா-அட்டாவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. பகலில் மின்சாரம் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். படப்பிடிப்பு பெரும்பாலும் இரவில்தான்.

முதல் பாகம் மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐவானாக வரும் நிக்கோலாய் செர்காசோவ் கழுத்தை நீட்டி, தாடியைத் தூக்கி, கண்ணை உருட்டி நடிப்பது முதலில் சிரிப்பைக்கூட வரவழைக்கலாம். கூத்து பார்த்துப் பழகியவர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. தாத்தார்களின் கசான் நகரத்தை ஐவான் முற்றுகையிடும் காட்சியில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள்: போருக்குப் போகும் வீரர்கள் ஆளுக்கொரு காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ள ஆளில்லாத காசுதான் செத்தவர்களின் கணக்கு.

இந்தப் பாகத்துக்கு 1946-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இரண்டாம் பாகத்துக்குத் தடை!

காரணம் படத்திலேயே தெரியும். அதில் ஐவான் நாடு கட்டுகிற வீரனாக இல்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம், ராத்திரியில் தனிமை, சுற்றிலும் கறுப்பு அங்கி போட்ட அடியாட்கள். சித்தி எஃப்ரோசீனியா தன் மகன் விளாதிமீரை அரியணையில் ஏற்ற, ஐவானைக் கொல்ல ஆள் வைக்கிறாள். அதுவரை கறுப்பு வெள்ளையில் ஓடிய படம், விருந்துக் காட்சியில் திடீரென்று சிவப்பும் பொன்னுமாக வண்ணத்துக்கு மாறும். குடிபோதையில் விளாதிமீர் விஷயத்தை உளறிவிடுகிறான். ஐவான் கோபப்படுவதே இல்லை. தன் அங்கியையும் கிரீடத்தையும் அவனுக்குப் போட்டு, அரியணையில் உட்கார வைத்து, கேலியாகக் கும்பிடுகிறான். முதலில் மிரளும் அந்த அசட்டுப் பையன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வரும்; பதவி பிடித்துப்போய்விட்டது. அந்தச் சிரிப்பை ஐவான் பார்த்துவிடுகிறான். அப்புறம், தேவாலயத்துக்கு நீயே முன்னால் போ என்று அனுப்புகிறான். இருட்டில் காத்திருக்கும் கொலையாளிக்குக் கிரீடம் மட்டும்தானே தெரியும்? மிருகம் ஒழிந்தது என்று ஓடிவரும் தாய் உடலைப் புரட்டிப் பார்ப்பாள்.

நிஜத்தில் விளாதிமீரின் சாவு இப்படி நடக்கவில்லை. 1569-ல் ஐவான் அவரை விஷம் குடிக்க வைத்தார் என்பதுதான் வரலாறு.

1947 பிப்ரவரியில் ஐசென்ஸ்டைனையும் செர்காசோவையும் கிரெம்ளினுக்குக் கூப்பிட்டு ஸ்டாலினே பேசினார். ஐவானை ஹேம்லெட் மாதிரித் தயங்குகிறவனாகக் காட்டிவிட்டீர்கள் என்பது அவர் குறை. ஐவான் செய்த தப்பு, இன்னும் ஐந்து பிரபுக் குடும்பங்களை ஒழிக்காமல் விட்டதுதானாம்! உடனிருந்த கட்சித் தலைவர் ஷ்தானோவுக்குத் தாடி மேலேயும் நிழல்கள் மேலேயும் புகார். திருத்தி எடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பில் விழுந்திருந்த ஐசென்ஸ்டைன் எதையும் திருத்தாமலே 1948-ல், 50 வயதில் இறந்துபோனார். ஸ்டாலினும் போய்ச் சேர்ந்த பிறகு, 1958-ல்தான் இரண்டாம் பாகம் வெளிவந்தது. திட்டமிட்டு முடிக்காமல் போன மூன்றாம் பாகத்துக்காக எடுத்ததில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது.

பழைய படம் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், இதே ஐவானைப் பற்றி பாவெல் லுங்கின் 2009-ல் எடுத்த ‘ஜார்’ இருக்கிறது. பியோத்தர் மமோனோவ் ஐவானாகவும், ஒலெக் யான்கோவ்ஸ்கி அவரை எதிர்த்து நிற்கும் பேராயர் பிலிப்பாகவும் நடித்திருப்பார்கள். சித்திரவதைக் காட்சிகள் கொஞ்சம் அதிகம்; குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.