அண்ணாச்சி, கடையை அடகு வைக்காதீர்கள்

விருதுநகர் பக்கம் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, மதினி, அவர்கள் பெண் மூவரும் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டுப் போன வாரம் என்னிடம் வந்திருந்தார்கள். பாப்பா இரண்டாவது தடவை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை. அண்ணாச்சியின் தங்கச்சி வீட்டுக்காரர் "ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிடுங்க மச்சான், ஆறே வருஷம், டாக்டர்" என்று நாள் தவறாமல் போன் போடுகிறாராம். நேரில் நான் பாதி சொல்வதற்குள் மதினி அழ ஆரம்பித்துவிட்டார், அதனால் மீதியை எழுத்தில் தருகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் (ஊர், தொழில் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்).

கவலைப்படாதீர்கள், கடவுள் வழி விடுவார் என்று சொல்லி அனுப்ப எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கடைப் பத்திரத்தைக் கையிலேயே கொண்டு வந்திருந்தீர்கள் அண்ணாச்சி. அதைப் பார்த்தபின் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது, விடுதியும் மெஸ்ஸும் தனி. வெளிநாடு மலிவு என்பார்கள். படித்துவிட்டுத் திரும்பியதும், இங்கே டாக்டராகத் தொழில் செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்று ஒரு தகுதித் தேர்வு காத்திருப்பதை ஏஜெண்ட் கடைசியாகத்தான் சொல்லுவார். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மச்சான் போன் போடுவார், வட்டி கட்ட வரமாட்டார்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பாப்பாவிடம் தனியாகப் பேசினேன். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதில் அவளுக்கு ஆர்வம் இல்லை, அதை அவளே சொன்னாள். ஒரு மணி நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது ஒரே இடத்தில். "ஆச்சி மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிட்டாங்க, வயித்துல ரத்தம் கசிஞ்சு ஆஸ்பத்திரில சேர்த்தோம். முட்டிக்குப் போட்ட மாத்திரை வயித்த ஏன் புண்ணாக்குது சார்? யார் அதையெல்லாம் முன்னாடியே பாத்துச் சொல்றது?" நீங்கள் "இவ இப்படித்தான் சும்மா கேட்டுக்கிட்டே இருப்பா" என்று சிரித்தீர்கள். சும்மா இல்லை அண்ணாச்சி. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்த ஜான் வேன் என்ற விஞ்ஞானிக்கு 1982ல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். வலி மாத்திரை, புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுக்கிறது. முட்டியில் வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பையின் உள்சுவரில் கோழைப் படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் காத்து நிற்பதும் அதே பொருள்தான், அது குறைந்தால் அமிலம் சுவரைத் தின்கிறது.

"யார் முன்னாடியே பாத்துச் சொல்றது" என்றாளே, அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பி.ஃபார்ம். நான்கு வருடம், அப்புறம் எம்.ஃபார்மில் மருந்தியல் (மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று ஆராய்வது) இரண்டு வருடம். இன்ஜினீயரிங், நர்சிங், அக்ரி பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், நான் சொல்லப்போவதில்லை. பி.ஃபார்ம் என்றதும் நீங்களும் "மெடிக்கல் ஷாப்பா?" என்றீர்கள். மெடிக்கல் ஷாப் அதன் ஒரு வாசல், அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அல்சரை வைத்தே சொல்கிறேன். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் நிறைய வந்துவிட்டன, ஒமெப்ரஸோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் அல்சருக்குக் காரணம் என்று காட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், 2005ல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். இத்தனைக்குப் பிறகும் அமிலத்தை அடக்குவதோடு நில்லாமல் சுவரையே பலப்படுத்தும் மருந்தைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், காரணம் உங்கள் ஆச்சியைப் போல வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுபவர்கள்.

தேடல் எப்படி? ஒரு இலையோ வேரோ எடுத்துச் சாறு பிரிப்பார்கள், அல்லது வேதியியல்காரர்கள் புதிதாக ஒரு மூலக்கூறு செய்து கொடுப்பார்கள். எவ்வளவு கொடுத்தால் விஷமாகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு வெள்ளெலிகள், குழுவுக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பட்டினி. கூண்டின் அடியில் கம்பி வலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி தன் புழுக்கையையே தின்று பட்டினிக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு குழுவுக்கு வெறும் கரைசல், ஒன்றுக்கு ஒமெப்ரஸோல், மற்றவற்றுக்குச் சோதனைப் பொருள் வெவ்வேறு அளவில். ஒரு மணி நேரம் கழித்து, இரைப்பையைப் புண்ணாக்குவதற்காக, வாய்வழியே தூய எத்தனால் (ஆல்கஹால்) ஒரு மில்லி. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து எலியை வலியில்லாமல் முடித்து, இரைப்பையை வெளிவளைவு ஓரமாக வெட்டித் திறந்து, உப்புநீரில் அலசி, மெழுகுப் பலகையில் விரித்துக் குண்டூசி குத்துவார்கள். வெறும் கரைசல் குடித்த எலியின் இரைப்பையில் கருஞ்சிவப்புக் கோடுகள் வரிவரியாக ஓடும். சோதனைப் பொருள் வேலை செய்திருந்தால் சுவர் வெளிர் ரோஜா நிறத்தில் கிடக்கும், அங்கங்கே ஒரு புள்ளி. லென்ஸ் வைத்து ஒவ்வொரு கோட்டையும் மில்லிமீட்டரில் அளந்து மதிப்பெண் போட வேண்டும், அளப்பவருக்கு அது எந்தக் குழுவின் இரைப்பை என்று தெரியக் கூடாது.

எத்தனாலில் காத்துவிட்டால் போதாது. இன்டோமெதாசின் என்ற வலி மருந்தைக் கொடுத்துப் புண் உண்டாக்கிப் பார்க்க வேண்டும், உங்கள் ஆச்சிக்கு நடந்தது அதுதான். 1945ல் ஷே என்பவர் காட்டிய முறை ஒன்று உண்டு. மயக்க மருந்து கொடுத்து இரைப்பையின் கீழ்வாயை நூலால் கட்டி, சில மணி நேரம் கழித்துச் சேர்ந்த அமிலநீரை எடுத்து, எவ்வளவு, எத்தனை புளிப்பு என்று பார்ப்பார்கள், பாப்பா பிளஸ் டூ லேபில் பியூரெட் வைத்துச் செய்த அதே டைட்ரேஷன். ஒரு பொருள் முதல் சோதனையில் ஜெயித்து இதில் தோற்றால், அது அமிலத்தைக் குறைக்கவில்லை, வேறு வழியில் சுவரைக் காக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த ஊகம்தான் வேலையின் ருசியே. பாப்பா மாதிரி "ஏன்" என்று கேட்கிறவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

மணத்தக்காளி சாப்பிட்டால் போதுமே, இதற்கு எதற்கு எலி என்று மதினி கேட்டார். நியாயமான கேள்வி. அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் அதன் சாறு அல்சரை ஆற்றுவதைக் கவனித்தார், கூடவே சிலருக்கு உடம்பு வீங்குவதையும். அதிலிருந்து செய்த கார்பெனாக்ஸலோன் 1960களில் பிரிட்டனில் மருந்தாகவே விற்றது. புண் ஆறியது, ஆனால் உப்பு தங்கி ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லை என்று சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வாழைக்காய் கதை இன்னும் தெம்பானது. 1984ல் பிரிட்டனில், ஆஸ்பிரின் கொடுத்துப் புண் உண்டாக்கிய எலிகளில் வாழைக்காய்ப் பொடி புண்ணைத் தடுத்தது மட்டுமல்லாமல் வந்த புண்ணையும் ஆற்றியது. அதற்குள் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தோண்டிக்கொண்டே போய் லூகோசயனிடின் என்ற ஃபிளேவனாய்டு (செடிகளில் இருக்கும் ஒரு வகைப் பொருள்) வரை வந்தார்கள்.

நம் ஊர்க் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு இலை, எத்தனால் எலி, "நல்ல பலன் தெரிந்தது", பைண்டிங், டிகிரி என்று முடிந்துபோகும் எம்.ஃபார்ம் ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் தூங்குகின்றன. எந்தப் பொருள், எந்த அளவு, அடுத்த பறிப்பிலும் அதே வீரியம் இருக்குமா என்று யாரும் தொடர்வதில்லை. பாப்பா அங்கே நிற்கக் கூடாது. நைபர் என்ற மத்திய அரசின் மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் நாட்டில் ஏழு இருக்கின்றன, அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. மற்ற கல்லூரிகளில், ஜிபாட் என்ற அகில இந்திய எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதன்பின் ஹைதராபாத், பெங்களூருவில் மருந்து நிறுவனங்களுக்காகச் சோதனை செய்து தரும் ஆய்வகங்கள், சென்னைப் பக்கம் படப்பையில் நச்சியல் ஆய்வு நிறுவனம், அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிலையம் என்று வாசல்கள் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் மருந்து ஆய்வாளர் தேர்வுக்குப் பி.ஃபார்மே போதும். தொடக்கச் சம்பளம் பக்கத்து வீட்டு ஐடி பையனைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாமல் வாங்கும் சம்பளம்.

எலியைக் கையாள்வது, முடிப்பது, இது எல்லாருக்கும் ஆகாது. பாப்பாவிடம் கேட்டேன், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. முடியாது என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது, நீங்களும்தான். மருந்து வேதியியல் பக்கம் போகலாம், செல் வளர்ப்பில் சோதிக்கலாம், விலங்கு இல்லாத சோதனைகளை ஏற்கும்படி இந்திய விதிகளையே 2023ல் திருத்தியிருக்கிறார்கள்.

பி.ஃபார்முக்குத் தமிழ்நாட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு இடங்கள் இருக்கின்றன, குறைவுதான், மதுரையை முதலில் போடுங்கள். தனியார் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், விலங்கு அறையைக் காட்டச் சொல்லுங்கள். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வின் பதிவு எண் எங்கே, இப்போது உள்ளே எலி இருக்கிறதா, மருந்தியல் ஆசிரியர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று பாப்பாவே கேட்கட்டும். அறை பூட்டியிருந்து, சாவி யாரிடம் என்று தேட ஆரம்பித்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். பத்திரத்தை லாக்கரில் வைத்துவிட்டு விண்ணப்பத்தோடு சனிக்கிழமை வாருங்கள், விருப்பப் பட்டியலை உட்கார்ந்து போட்டுவிடலாம்.