ஜிப்ஸியின் கழற்றி மாட்டும் ஃபைபர் டாப்பை, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே மீட்டெடுப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: 1990களின் மாருதி ஜிப்ஸி, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஓடிய வண்டி. ஃபைபர் ஹார்ட் டாப்பில் போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு, கூரையில் சிலந்தி வலை போன்ற கீறல்கள், தொட்டால் வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது. புது டாப் வேண்டாம், இதையே ஒரிஜினல் போலக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவரலாம். ஆனால் இப்படிப்பட்ட டாப்புகள் பெரும்பாலும் வேலை குறைந்து கெடுவதில்லை, கூடிப்போய்த்தான் கெடுகின்றன. பட்டி போட்டுக் கண்ணாடிபோல இழைத்து, கிளியர் கோட் அடித்து மினுக்கிய டாப், பழைய ஜிப்ஸியின் மேல் வேறு வண்டியிலிருந்து கழற்றி வைத்தது மாதிரி நிற்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் மேலே இருப்பது என்ன என்று பாருங்கள். மறைவான ஒரு மூலையில், பீடிங் ரப்பருக்கு (கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை) அடியில், 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்க ஒரே நிறம் வந்துகொண்டே இருந்தால் அது ஜெல்கோட், அதாவது ஃபைபரை வார்க்கும்போதே மேலே படியும் நிறப் பிசின் அடுக்கு. மெல்லிய நிறப் படலம் போய் அடியில் சாம்பல் பிரைமர் தெரிந்தால் பெயின்ட். பெயின்ட் என்றால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியால் ஒரு நிமிடம் தேயுங்கள். துணியில் நிறம் கரைந்து வந்தால் பழைய என்.சி. லாக்கர், சுருங்கினால் சின்தெடிக் எனாமல், ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட். சின்தெடிக் எனாமல் மேல் பி.யு. அடித்தால் புது தின்னர் அடிப்படலத்தைச் சுருட்டிவிடும், ஆகவே எனாமலை முழுக்கத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும்.

ஜெல்கோட் முழுசாக இருந்து, மங்கல் மட்டும்தான் குறை என்றால் பெயின்டே வேண்டாம். வெயில் மேற்பரப்பை மட்டும்தான் சிதைத்திருக்கும். 800, 1000, 1500, 2000 என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டு, வேக்ஸ் பூசினால் பழைய நிறம் வந்துவிடும். ஜெல்கோட் சாதாரணமாக அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். விளிம்புகளில் அதைவிட மெல்லிசு. அங்கே மெஷினைக் கொண்டுபோகாமல் கையாலேயே தேயுங்கள். தோட்டத்து வண்டி என்பதால் தண்ணீர் வழியும் ஓரங்களில் பாசியும் கருப்புப் பூஞ்சையும் பிடித்திருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு முதல் நாளே கழுவிவிடுங்கள்.

உங்கள் டாப்பில் வெடிப்பு இருப்பதால் ஃபைபர் வேலை கட்டாயம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரை நெடுக ஃபைபர் வள்ளம் ஓடுகிறது. அதைப் பழுது பார்க்கிறவர்களுக்கு மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் (அதை நனைத்து ஒட்டும் பிசின்) கைவந்த கலை. வெடிப்பு வேலையை அவர்களிடம் கொடுங்கள், கலர் வேலையைக் கார் பெயின்டரிடம் கொடுங்கள். கார் பெயின்டர் வெடிப்பின் மேல் பட்டி அப்பினால் முதல் மண்ரோட்டிலேயே அது திறந்துகொள்ளும். வள்ளத்துக்குப் போடுகிற கனத்தில் மேட் போட்டால் டாப் எடை கூடி வடிவம் இழுக்கும். என்ன வேண்டும் என்பதை இரண்டு பேரிடமும் நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி, பீடிங், உள் துணி எல்லாவற்றையும் எடுத்த பிறகு, டாப்பைத் திரும்ப வண்டியில் ஏற்றிப் போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி உட்கார வையுங்கள். வெடிப்பை ஒட்டும்போது டாப் வண்டியின் மேல்தான் இருக்க வேண்டும். தரையில் வைத்து ஒட்டினால், அங்கே டாப் எப்படி முறுக்கி நிற்கிறதோ அந்த முறுக்கோடேயே இறுகிவிடும், பிறகு எந்தப் போல்ட்டும் துளைக்கு நேராக வராது. இந்த வேலையில் திருத்தவே முடியாத தவறு இது ஒன்றுதான்.

தேய்க்கத் தொடங்கும் முன் வேக்ஸ், கிரீஸ் நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடையுங்கள். இல்லாவிட்டால் பழைய பாலிஷும் சிலிக்கனும் கீறல்களுக்குள் இறங்கி, பெயின்டில் மீன் கண் மாதிரிக் குழி விழும். பெயின்ட் ரிமூவர் டப்பாவைக் கிட்டவே சேர்க்காதீர்கள். இரும்புக்கு ஆகிற அது பாலியெஸ்டரைத் தின்றுவிடும்.

வெடிப்பின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. உட்புறம் வெடிப்பின் இரு பக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும்: கனத்தைப் போல 12 மடங்கு அகலம். 3 மி.மீ. கனம் என்றால் பக்கத்துக்கு 36 மி.மீ. சரிவு குறைந்தால் ஒட்டு விளிம்பில் பிடிப்பு இருக்காது. 60 நம்பர் டிஸ்க்கால் தேய்த்து அசிட்டோனால் துடைத்துவிட்டு 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடை) இரண்டு அடுக்கு போடுங்கள். 30 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று சுமார் 40 கிராம் எடை, இரண்டுக்கு 80 கிராம். ரெசின் அதைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 200 கிராம். கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஒன்றரை சதவீதம், 3 மி.லி. உச்சி வெயிலில் 2 மி.லி. போதும், இல்லாவிட்டால் மக்கிலேயே கட்டியாகிவிடும். உருளையால் காற்றுக்குமிழை வெளியேற்றி, மேட்டின் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை அழுத்துங்கள். நாலைந்து அடுக்கை ஒரேயடியாகப் போட்டால் ரெசின் தனக்குள்ளேயே சூடேறிச் சுருங்கும், அந்தச் சுருக்கம் மேல்பக்கம் பள்ளமாகத் தெரியும்.

கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாகக் கிடைத்தால் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அதைத் தொடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே கால் மணி நேரம் விடாமல் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபைபர் தூளுக்கு முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். அரிப்பு எடுத்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரும் தேய்ப்பும் கூடாது.

மேல்பக்கத்து வெடிப்பை வி வடிவில் கீறி, ரெசினில் ஃபைபர் துணுக்கு குழைத்து நிரப்பி, அதன் மேல் ஜெல்கோட். ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே இருக்கும், கடைசிப் பூச்சில் வேக்ஸ் கரைசல் கலக்க வேண்டும். சிலந்தி வலைக் கீறல்களை மேலோடு மறைக்க முடியாது. கீறல் முடியும் ஆழம்வரை ஜெல்கோட்டைத் தேய்த்தே எடுக்க வேண்டும். பெயின்டின் கீழ் கீறல் இருந்தால் ஒரு கோடைக்குள் மேலே வந்துவிடும்.

இதன்பின் பொறுமை வேண்டும். பாலியெஸ்டர் ஒட்டு நாள்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். குறைந்தது ஒரு வாரம் வெயிலில் வையுங்கள், அவசரப்பட்டால் ஒட்டின் ஓரம் பெயின்டில் வரைபடம் போலத் தெரியும். ஈரமும் போக வேண்டும். தேய்த்த இடத்தில் ஒரு அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் கொப்பளிக்கும். இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் நம்முடையது. தை, மாசிதான் இந்த வேலைக்கு நல்ல காலம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் திறந்த ஷெட்டில் ஸ்ப்ரே அடிப்பதை நினைக்கவே வேண்டாம். அந்தக் காற்று தூசியைக் கொண்டுவந்து பெயின்டில் கொட்டிவிடும்.

பட்டி 2 மி.மீ.க்கு மேல் எங்கும் வேண்டாம். வெள்ளை டாப்புக்கு இன்னொரு கவனம்: சீக்கிரம் இறுக வேண்டும் என்று பட்டியில் ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சிய பெராக்சைடு மேலேறி வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் கறையாக நிற்கும். 2 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

தேய்க்கும்போது திறந்துகொள்ளும் ஊசித் துளைகள்தான் ஃபைபரில் பெரிய தொல்லை. பிரைமர் அவற்றின் மேல் பாலம் போடாது. மெல்லிய பட்டியைக் கத்தியால் அழுத்தி நிரப்புங்கள். ஸ்ப்ரே அடிக்கும் நேரமும் முக்கியம்: வெயிலில் சூடான டாப்பை நிழலுக்குக் கொண்டுவந்து, அது ஆறிக்கொண்டிருக்கும்போது அடியுங்கள். துளைக்குள் இருக்கும் காற்று சுருங்கிப் பிரைமரை உள்ளிழுக்கும். காலையில் சூடேறும் நேரத்தில் அடித்தால் அதே காற்று விரிந்து குமிழை வெளியே தள்ளும்.

எபாக்சி பிரைமர் ஒரு கோட், அதன் மேல் ஹார்டனர் கலக்கும் 2கே சர்ஃபேசர் இரண்டு கோட், கோட்டுக்குக் கோட் 10 முதல் 15 நிமிட இடைவெளி. மறுநாள் ரப்பர் கட்டை வைத்து 400, பிறகு 600 தண்ணீர்த் தேய்ப்பு.

கலருக்கு வருவோம். பெயின்ட் கடையில் 'வெள்ளை' என்று கேட்டால் ஏதோ ஒரு வெள்ளையைத் தருவார்கள். பீடிங்குக்கு அடியில், உள் பிராக்கெட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில்தான் கம்பெனி நிறம் இருக்கிறது. அதைக் காட்டி மேட்ச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் பாடிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப் போவதில்லை என்றால், முதலில் பாடியைக் காம்பவுண்டு போட்டுத் தெளிய வைத்து, அந்த நிறத்துக்கு டாப்பை மேட்ச் செய்வதே சரி என்பது என் கருத்து. டாப் மட்டும் புது வெள்ளையாக இருந்தால் பாடி அழுக்காகத் தெரியும். ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, வெயிலில் வண்டியோடு ஒட்டிப் பார்க்காமல் ஸ்ப்ரே கன்னை எடுக்காதீர்கள்.

அடிக்க வேண்டியது கிளியர் இல்லாத, ஒரே கட்ட பி.யு. வெள்ளை. கிளியர் கோட் தரும் ஆழமான மினுப்பு பழைய தனி நிற (மெட்டாலிக் அல்லாத) வண்டிகளில் கிடையாது. கலக்காத பெயின்ட் ஒரு லிட்டர், அதற்குரிய ஹார்டனர், தின்னர் இந்த டாப்புக்குப் போதும். 1.4 மி.மீ. நாசில், எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று தரும்) கன் என்றால் சுமார் 2 பார் அழுத்தம், கம்ப்ரசர் லைனில் தண்ணீர் பிரிப்பான் கட்டாயம். மிதமான ஈரத்தில் இரண்டு கோட். கூரையை ஓட்டுநர் பக்க விளிம்பில் தொடங்கி நடுவரை அடித்து, மறுபக்கம் போய் நடுவிலிருந்து வெளியே வாருங்கள். தெறிப்பு ஈரத்தின் மேல் விழுந்தால் கரைந்துவிடும், காய்ந்ததன் மேல் விழுந்தால் சொரசொரக்கும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நாளில் அடிக்காதீர்கள். பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கைக்குட்டை கட்டி அடிக்கிற பெயின்டரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெளிக்காற்று தரும் முகமூடிதான் முறை.

காய்ந்ததும் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பைக் கதவிலும் டாப்பிலும் மாறிமாறிப் பாருங்கள். கம்பெனிப் பெயின்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மெல்லிய அலை இருக்கும். டாப்பிலும் அதே அலை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தூசி விழுந்த புள்ளிகளை மட்டும் 2000 பேப்பரால் தட்டி, பாலிஷ் போடுங்கள். முழுக்கத் தேய்த்துக் கண்ணாடியாக்கினால் இதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண்.

உட்புறத்தை இழைக்கவே கூடாது. அச்சில் வார்த்த ஃபைபரின் வெளிப்பக்கம்தான் வழவழப்பாக வரும், உள்ளே மேட்டின் நார் தெரிவதே இயல்பு. கழுவி, ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பழைய நிறத்துக்குப் பொருத்தமாக மெல்லிய பூச்சு கொடுங்கள். நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் முதலில் தலையை உள்ளே விட்டுத்தான் பார்ப்பார்.

திரும்ப மாட்டும்போது பீடிங்கின் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே உள்ளிருந்து கயிற்றை இழுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிவிடும். சீல் வைக்கப் புளிப்பு வாசம் வரும் சிலிக்கன் வேண்டாம், அதன் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் வகையை வாங்குங்கள். பெயின்ட் வேலை முடியும்வரை எந்தச் சிலிக்கனும் ஷெட்டுக்குள் வரக்கூடாது.

டாப்புக்கும் பாடிக்கும் நடுவில் புது ஈ.பி.டி.எம். (வெயில், மழை தாங்கும் ரப்பர்) நுரைப் பட்டை, போல்ட்டுக்கு அகலமான வாசர். வெடிப்பு தொடங்கியதே போல்ட் துளைகளில்தான். சின்ன வாசரும் மிஞ்சிய முறுக்கும்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். பட்டை பாதியாக அமுங்கியதும் முறுக்கை நிறுத்திவிடுங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் ஆசை வேண்டாம். பார்க்க ஒரிஜினலாக இருக்காது, உப்புக் காற்றில் அதைச் சுற்றியுள்ள பாடி இரும்பும் வேகமாக அரிக்கக்கூடும். துத்தநாக முலாம் போட்ட போல்ட்டைக் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

கழற்றி வைக்கும் நாட்களில் டாப்பைச் சுவரில் சாய்க்காமல், கவிழ்த்தும் போடாமல், வண்டியில் உட்காரும் நிலையிலேயே அதன் விளிம்பு நெடுகத் தாங்கும்படி மரச்சட்டங்களின் மேல் வையுங்கள்.