பீச் மணல்ல வண்டி புதைஞ்சா: கேள்வி பதில்

ஈஸ்டர் லீவுக்கு கர்ரி தீவுக்கு (2023 வரைக்கும் ஃப்ரேசர் ஐலண்டுன்னு இருந்ததே, அதேதான்) கெளம்புற ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்து ஆளுங்க ஆளாளுக்கு தனித்தனியா மெசேஜ் போட்டு ஒரே கேள்வியைக் கேக்குறீங்க, அதான் எல்லாரும் இங்கயே கேளுங்க, தெரிஞ்சதுக்கு பதில் சொல்றேன். மணல்ல ஓட்டுறது, புதையுறது, வெளிய எடுக்குறது, இது மட்டும்தான். எந்த வண்டி வாங்கலாம்னு கேட்டா பதில் வராது. அப்புறம் ஒண்ணு, இப்பவே சொல்றேன், பின்னாடியும் சொல்லுவேன்: டோ பால்ல (டிரெய்லர் மாட்ட வண்டிக்குப் பின்னாடி இருக்குற இரும்புக் குண்டு) கயிறு மாட்டாதீங்க.

புதுவண்டி: அண்ணா, இப்பதான் ஃபார்ச்சூனர் எடுத்தேன். டயர் காத்து எவ்வளவு இறக்கணும்?

பதில்: 18 பிஎஸ்ஐல ஆரம்பிங்க தம்பி. ரோட்டுல 35 வச்சிருப்பீங்க, கிட்டத்தட்ட பாதி. காத்தை இறக்குனா டயர் அகலமாகும்னு பலபேர் நெனைக்குறாங்க, அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் நெறைய கூடும், தரையில படுற தடம் முன்னும் பின்னும் நீளுது, வண்டி வெயிட் அதுல பரவிடும், டயர் மணலை வெட்டிக்கிட்டு உள்ள போகாம மேல ஏறி உருளும். எங்க இறக்கணும்னா, தீவுக்குப் படகு ஏறுற இன்ஸ்கிப் பாயிண்ட்ல தார் ரோடு முடியுற எடத்துலயே. அங்கருந்து பார்ஜ் (வண்டி ஏத்திட்டுப் போற படகு) வரைக்கும் இருக்குற கொஞ்ச தூரம் மாவு மாதிரி மணல், தீவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அங்க வரிசையா புதைஞ்சு நிப்பாங்க, எல்லாம் "அந்தப் பக்கம் போய் இறக்கிக்கலாம்"னு வந்தவங்க. டிரெய்லர் இழுத்துட்டு வர்றீங்கன்னா டிரெய்லர் டயர்லயும் இறக்கணும், வண்டியில 18, டிரெய்லர்ல 40ன்னு வந்துட்டு ஏன் நகர மாட்டேங்குதுன்னு கேக்காதீங்க.

கோல்டுகோஸ்ட்டான்: எக்ஸ் டிரெயில் ஆல் வீல் டிரைவ் போதுமா?

பதில்: போதாது. கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணும், லோ ரேஞ்ச் (மெதுவா, ஆனா பலமா இழுக்குற கியர் செட்டு) வேணும்.

இப்ஸ்விச் அக்கா: தம்பி, வண்டி புதைஞ்சிடுச்சுன்னு வச்சுக்கோ, பசங்க அழுவுறாங்க, வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாரு. மொதல்ல என்ன பண்ணணும்?

பதில்: மொதல்ல மாமாவை காலை எடுக்கச் சொல்லுங்க அக்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். வண்டி முன்னாடி போகலன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே விட்டுட்டா பாதி டயர்தான் புதைஞ்சிருக்கும், ரிவர்ஸ் போட்டா வந்த தடத்துலயே வந்துடும், ஏன்னா அந்தத் தடம் ஏற்கனவே அமுங்கி கெட்டியா இருக்கு. ஒரு அஞ்சு செகண்டு சக்கரத்தை சுத்த விட்டீங்கன்னா டயர் தன்னோட குழியை தானே தோண்டிக்கும், அப்புறம் டிஃப் (ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல அடியில தொங்குற கியர் உருண்டை) மணல்ல உக்காந்துரும், சேசிஸும் உக்காந்துரும், சக்கரம் அந்தரத்துல சுத்தும்.

ரிவர்ஸ்ல வரலியா, எறங்குங்க, எல்லாரையும் எறக்குங்க. குனிஞ்சு அடியில பாருங்க, எது மணல்ல தட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாக்காம தோண்ட ஆரம்பிக்காதீங்க. காத்தை இன்னும் இறக்குங்க, 15. வால்வைத் திறந்து விட்டுட்டு டயரோட பக்கவாட்டைப் பாத்தீங்கன்னா அடிப்பக்கம் மெதுவா பிதுங்கி வெளிய வரும், அது வந்தாத்தான் வேலை ஆகுதுன்னு அர்த்தம். அப்புறம் மம்பட்டி. எந்தப் பக்கம் வெளிய வரப் போறீங்களோ அந்தப் பக்கம் ஒவ்வொரு டயருக்கும் எதுத்தாப்ல இருக்குற மணலை சரிவா வாரி எடுங்க, டிஃப்புக்கு அடியில கைய விட்டாவது காலி பண்ணுங்க. ஸ்டீயரிங் நேரா இருக்கான்னு வெளிய நின்னு முன் டயரைப் பாத்து உறுதிப்படுத்துங்க, புதைஞ்ச பதட்டத்துல திருப்பித் திருப்பி எங்கயோ வச்சிருப்பாங்க, திரும்பின டயர் மணலைத் தள்ளிக்கிட்டே நிக்கும். ரெக்கவரி போர்டு (டயருக்குப் பிடிப்பு குடுக்குற பல்லு வச்ச பிளாஸ்டிக் பலகை) இருந்தா டயருக்கு அடியில நல்லா சொருகுங்க, சும்மா முன்னாடி போட்டு வச்சா பத்தாது. ஃபோர் லோ (அதே லோ ரேஞ்ச்தான்), ரெண்டாவது கியர், மெதுவா. போர்டு மேல டயர் சுத்துச்சுன்னா பல்லு உருகிடும், போர்டு பின்னாடி பறந்தும் வரும், அதனால பின்னாடி ஒருத்தரும் நிக்கக் கூடாது.

இவ்வளவு பண்ணா பெரும்பாலும் இன்னொரு வண்டி இழுக்கவே தேவையில்ல.

லோகன்வாசி: காத்து எவ்ளோ ப்ரோ இறக்கணும்?

பதில்: மொத கேள்வியப் பாருங்க.

டூவூம்பா: பக்கத்துல வர்ற வண்டிக்காரர் இழுத்து விடுறேன்னு வந்தா? எங்க வண்டியில பின்னாடி டோ பால் இருக்கு.

பதில்: இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். டோ பால் டிரெய்லர் இழுக்க, அதாவது சீரா இழுக்குற லோடுக்கு செஞ்சது. ஸ்னாட்ச் ஸ்ட்ராப்னு சொல்றமே, அது ரப்பர் மாதிரி நீளுற நைலான் பட்டை, முன் வண்டி ஓடிப் போய் இழுக்கும்போது நீண்டு, இழுவிசையைச் சேத்து வச்சு ஒரே வெட்டா வெட்டும். அந்த வெட்டுல டோ பாலோட கழுத்து ஒடிஞ்சுதுன்னா அந்த இரும்புக் குண்டு, நீண்ட ஸ்ட்ராப்போட மொத்த வேகத்தோட, நேரா எதுத்த வண்டியோட கண்ணாடிக்குத்தான் வரும். இந்த நாட்டுல இப்படி ஆளு செத்திருக்காங்க. உதவ வர்றவர் நல்ல மனுசனா இருப்பாரு, இருவது வருசமா இப்படித்தான் பண்றேன்னும் சொல்லுவாரு. நன்றி சொல்லிட்டு மம்பட்டியை எடுங்க. எவ்வளவு லோடு தாங்கும்னு ரேட்டிங் போட்ட ரெக்கவரி பாயிண்ட் (இழுக்குறதுக்குன்னே சேசிஸ்ல இருக்குற கொக்கி), ரேட்டிங் போட்ட ஷேக்கிள் (ஸ்ட்ராப்பை மாட்டுற இரும்பு வளையம்), ஸ்ட்ராப் நடுவுல டேம்பர் (அறுந்தா பறக்காம இருக்க மேல போடுற கனமான பை), சுத்தி நிக்குறவங்க ஸ்ட்ராப் நீளத்தைத் தாண்டி தள்ளி, இது நாலும் இருந்தா இழுக்கட்டும். கப்பல்ல வண்டி ஏத்தும்போது கட்டுறதுக்குன்னு முன்னாடி அடியில ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதுவும் ரெக்கவரி பாயிண்ட் இல்ல.

மஸ்கட்காரன்: நான் ஓமன்ல பல வருசம் வஹிபா மணல்ல ஓட்டுனவன். 18லாம் மணலுக்குக் காத்தே இல்ல. நாங்க காலையில 12க்கு இறக்குனா சாயங்காலம் வரை 12தான். அப்புறம் காலை எடு காலை எடுன்னு சொல்றீங்க, மணல்ல காலை எடுத்தவன் செத்தான். கேஸ் (ஆக்சிலேட்டர்தான்) குடுக்கணும் சார்.

பதில்: வாங்க. பாலைவனத்துல நீங்க சொல்றது சரி, இங்க அது ஒத்து வராது, ஏன்னு சொல்றேன். அங்க நாள் பூரா காஞ்ச மணல், மேடு ஏறி எறங்கி சுத்தி வர்றீங்க, வேகம் கம்மி. இங்க தீவோட கெழக்குக் கரையில இருக்குற செவன்டி ஃபைவ் மைல் பீச்ல ஈர மணல் தார் ரோடு கணக்கா கெட்டியா இருக்கும், போர்டுல ஸ்பீடு லிமிட் 80 போட்டிருக்கு, ஜனங்க 80 போவாங்க. 12 பிஎஸ்ஐல மணிக்கணக்கா அந்த வேகத்துல போனா டயர் பக்கவாட்டு மடங்கி மடங்கி சூடேறும், திடீர்னு ஓடை குறுக்க வந்து ஸ்டீயரிங்கை ஒடிச்சீங்கன்னா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். 12 வேணும்னா இறக்கலாம், புதைஞ்சப்ப, 20 கிலோமீட்டர் வேகத்துல வெளிய வர்ற வரைக்கும்.

மஸ்கட்காரன்: அப்ப கேஸ்?

பதில்: புதையுறதுக்கு முன்னாடி கேஸ் குடுங்க, புதைஞ்சதுக்கு அப்புறம் குடுக்காதீங்க. ஓடுற வண்டிக்கு வேகம் வேணும், மென்மணல்ல கியர் மாத்திட்டு இருந்தா அந்த கேப்லயே நின்னுடும், எல்லாம் ஒத்துக்கிறேன். நின்ன வண்டிக்கு கேஸ் குடுக்குறது குழி தோண்டுறது.

பெர்த்வாசி: ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றேன். எங்க ஊர்ப் பக்கம் லேன்ஸ்லின் மணல் மேட்டுல நாங்களும் 12, 14தான் ஓட்டுறோம். மஸ்கட் அண்ணன் பக்கம்தான் நான்.

பதில்: லேன்ஸ்லின் மேடுதானே, பீச் ஹைவே இல்லையே. நானும் மேட்டுக்கு 18 சொல்லல.

மஸ்கட்காரன்: பிரச்சனை காத்துல இல்ல சார், உங்க ஆளுங்க தண்ணி ஓரமா போறாங்க. எங்க ஊர்ல கடலோரம் சப்கா வழியா போனவன் வண்டியை கிரேன் வச்சுத்தான் தூக்குவாங்க. நான் மேல காஞ்ச மணல்லயே போயிடுவேன்.

பதில்: சப்கா வேற. மேல உப்புப் பொருக்கு, அடியில சேறு. இங்க சுத்தமான மணல். காஞ்சிருந்தா துகளுக்குத் துகள் பிடிப்பு இல்ல, லேசா ஈரமா இருந்தா அந்த ஈரமே துகளை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வச்சுக்கும், தண்ணி நெறைஞ்சிருச்சுன்னா மறுபடி பிடிப்பு போயிடும். ஆக மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல இருக்குற அந்த ஈரப் பட்டையிலதான் ஓட்டணும். தண்ணி ஓரமா போகாதீங்கன்றதுல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. அலை வர்ற எடத்துல வண்டி நின்னா பாத்திருக்கீங்களா, அலை திரும்பும்போது டயரைச் சுத்தி இருக்குற மணலை அரிச்சுட்டுப் போகும், வண்டி ஒரு விரக்கடை எறங்கும், அடுத்த அலைக்கு இன்னொரு விரக்கடை. யாரும் ஆக்சிலேட்டரைத் தொடாமயே கதவு வரைக்கும் எறங்கிடும்.

மஸ்கட்காரன்: அதைத்தான் நானும் சொல்றேன்.

பதில்: நீங்க 12 பிஎஸ்ஐன்னுதான் சொன்னீங்க.

பெர்த்வாசி: 😄

சன்னிபேங்க்: டைடு டேபிள் பாக்கணும்னு சொல்றாங்களே, எப்படிப் பாக்குறது? எந்த நேரத்துல ஓட்டலாம்?

பதில்: டைடு டேபிள்ங்கறது கடல் தண்ணி ஏறி எறங்குற நேரப் பட்டியல், ஹை டைடுன்னா தண்ணி உச்சத்துல இருக்குற நேரம். ஹை டைடுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் பீச்ல வண்டி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மத்தியானம் 12க்கு ஹை டைடுன்னா 10 மணிக்குள்ள போய்ச் சேர்ந்துடணும், இல்லன்னா 2க்கு அப்புறம் கெளம்பணும். இதை விட்டுட்டு தண்ணி ஏறுன நேரத்துல போனா அந்தக் கெட்டிப் பட்டை தண்ணிக்கு அடியில போயிடும், உங்களை மேல காஞ்ச மணலுக்குத் தள்ளும், அங்க புதைவீங்க, புதைஞ்ச எடத்துக்கு தண்ணி வரும். பெரும்பாலான கதை இதுதான். அலை பெருசா இருக்குற நாள்ல டேபிள்ல போட்டதை விட மேலயே தண்ணி ஏறும், அதையும் கணக்குல வைங்க. மழை பெஞ்சிருந்தா ஓடைங்க பீச்சை அறுத்து வச்சிருக்கும், தூரத்துலருந்து பாத்தா சமதரையாத்தான் தெரியும், கிட்ட வந்தா அரை மீட்டர் பள்ளம். 80ல வந்து அதுல பாஞ்சவங்க சஸ்பென்ஷனை மட்டும் ஒடிச்சுக்கிட்டா புண்ணியம் பண்ணவங்க.

வேளச்சேரி தார்: அண்ணே நாங்க சென்னை. மஹிந்திரா தார் ஜீப் வாங்கிருக்கோம். ஈசிஆர்ல எந்த பீச்ல எறக்கலாம்?

பதில்: எங்கயும் எறக்காதீங்க தம்பி. சனவரியிலருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை அந்த மணல்லதான் முட்டை போடுது, ராத்திரி பூரா நடந்து முட்டைய எடுத்து பாதுகாக்குற பசங்க இருக்காங்க, அது மேல டயர் ஏத்தப் போறீங்களா. மீன்பிடி ஊர்க்காரங்க வலை காயப் போடுற எடம் வேற. ஆசையா இருந்தா கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு போங்க, வண்டி ஓட்ட விடுற பீச், நாலு கிலோமீட்டர் போல, மணலும் கெட்டி. அங்கயும் தண்ணிக்குள்ள விட்டு ரீல்ஸ் எடுக்காதீங்க. 2017ல அரிச்சல்முனைக்கு ரோடு வர்ற வரைக்கும் தனுஷ்கோடிக்கு மணல்லயும் தண்ணியிலயும் வேன் ஓட்டுனாங்களே, அந்த டிரைவருங்க யாரும் தண்ணிக்குள்ள சும்மா விடல, போன தடத்துலயேதான் போவாங்க.

கேர்ன்ஸ் ராஜா: காத்து 25 வச்சா பரவாயில்லையா அண்ணா?

பதில்: 18. பதினெட்டு.

வாடகை வண்டி: நாங்க வாடகை வண்டியில போறோம், இன்சூரன்ஸ் இருக்கு, பயமில்லையே?

பதில்: அக்ரிமெண்ட்ல உப்புத்தண்ணி, பீச், மணல்னு எங்கெங்க வருதுன்னு தேடிப் படிங்க. பல கம்பெனிங்க உப்புத்தண்ணி பட்டா கவர் இல்லன்னு எழுதியிருப்பாங்க.

பயந்தவன்: இன்ஸ்கிப்ல பூமி உள்வாங்கி வண்டியெல்லாம் போச்சாமே?

பதில்: 2015 செப்டம்பர்ல, ராத்திரியில, கேம்ப் போட்டிருந்த எடத்துல. ஒரு காரு, ஒரு கேரவன், கூடாரமெல்லாம் போச்சு, ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதை நெனச்சு தூக்கத்தை விடாதீங்க, டைடு டேபிளை நெனச்சு விடுங்க.

ஃபோட்டோ பிரியை: பீச்ல கரை ஒதுங்கிக் கெடக்குற மஹினோ கப்பல்கிட்ட நிறுத்தி ஃபோட்டோ எடுக்கலாமா அண்ணா?

பதில்: தாராளமா எடுங்கம்மா, 1935லருந்து அங்கயேதான் கெடக்கு. நிறுத்துறதுலதான் விசயம். பிரேக்கை அமுக்கி நிறுத்துனா டயருக்கு முன்னாடி மணல் மேடு கட்டிக்கும், திரும்ப எடுக்கும்போது அந்த மேட்டையே ஏற முடியாம நிக்கும். காலை எடுத்துட்டு தானா உருண்டு நிக்க விடுங்க, முடிஞ்சா மூக்கு கடல் பக்கம் சரிவா இருக்குற மாதிரி, கெட்டி மணல்ல. அந்தப் பீச்ல சின்ன பிளேனும் எறங்கும், வந்தா வழி விடுங்க.

மஸ்கட்காரன்: வண்டி திரும்பி வந்ததும் அடியில கழுவச் சொல்லலையே சார்.

பதில்: அது சரி. நல்ல தண்ணியில அடிப்பாகம், சேசிஸ் இடுக்கு, பிரேக் பக்கம் எல்லாம் கழுவுங்க, மேல பாடியை மட்டும் பளபளன்னு தொடச்சுட்டு விட்டுடாதீங்க. அதுக்கு முன்னாடி, தார் ரோட்டுல ஏறுனதும் காத்து அடிங்க. 18 காத்துல ஜிம்பி ஊர் வரைக்கும் 100 வேகத்துல போயி டயர் வெடிச்சுதுன்னா மஸ்கட் அண்ணன் சிரிப்பாரு.

பிரிஸ்பேன் குடும்பம்: அண்ணா, சனிக்கிழமை காலையில 10க்கு இன்ஸ்கிப் வந்துடுவோம், ஹை டைடு 11ன்னு போட்டிருக்கு. டோ பால் கயிறு வேற வாங்கி வச்சிருக்கோம்.

பதில்: கயிறை வீட்டுல வச்சுட்டு மம்பட்டி எடுத்துட்டு வாங்க. 1 மணிக்கு மேல பார்ஜ் ஏறுங்க. அதுவரைக்கும் ரெயின்போ பீச் ஊர்ல பசங்களுக்கு சிப்ஸ் வாங்கிக் குடுங்க, காத்தை அங்க இறக்கிடாதீங்க, இன்ஸ்கிப் வரைக்கும் தார் ரோடுதான்.