காசியா, கொல்கத்தாவா?

அன்புள்ள ஐயா,

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்களுக்கு மூன்று இரவுகள் கிடைத்திருக்கின்றன. வெள்ளி மாலை சென்னையில் கிளம்பி, திங்கள் இரவு திரும்பவேண்டும். நான், அம்மா, மகள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது, அவருக்குக் காசியில் செய்யவேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்கிறார். நுண்கலை படிக்கும் மகள் கொல்கத்தா என்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க வழி உண்டா?

வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் சேர்க்காதீர்கள். நடுவில் ஒரு முழு இரவு ரயில் பயணம் இருக்கிறது, அந்த ரயிலும் டிசம்பர் கடைசியில் எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த மூன்று இரவுக்குக் கொல்கத்தா போய் வாருங்கள். காசியைப் பிப்ரவரிக்கு வைத்து, நான்கு இரவாக்குங்கள். அம்மாவின் விருப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்பது தெரியும். அவர் காசியை நன்றாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

முதல் காரணம் மூடுபனி. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை கங்கைச் சமவெளியில் காற்று அசையாமல் நிற்கும், இரவில் தரை குளிர்ந்து ஈரம் தரையோடு தங்கிவிடும். சில நாட்கள் காலை பத்து, பதினொரு மணி வரை எதிர்க்கரை தெரியாது. காசியின் படித்துறைகள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் விழும்போதுதான் அந்த ஊர் தன்னைக் காட்டும். அது இல்லாத இரண்டு காலைகளுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டாம். விமானமும் இதே பனியில்தான் இறங்கவேண்டும். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு நாள் முழுக்க விமானங்கள் உண்டு. காசிக்கு மிகக் குறைவு. ஒன்று ரத்தானால் உங்கள் மூன்று இரவில் ஒன்று போய்விடும்.

அடுத்தது முழங்கால். காசியில் கார் கோதௌலியா நாற்சந்தி பக்கமே நின்றுவிடும். அதற்குமேல் சந்துகள், அதற்கும் கீழே படிகள். 'கங்கை தெரியும் அறை' என்று படம் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள் அந்த அறைக்குப் பெட்டியோடு எத்தனை படி ஏறவேண்டும் என்று கேட்பதில்லை. கொல்கத்தாவில் அநேகமாக எந்த வாசலுக்கும் வண்டி போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். அப்பாவுக்காகச் செய்வதென்றால் அது சுற்றுலாவில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிற காரியம் அல்ல. பஞ்ச தீர்த்தம் என்று அசி, தசாஸ்வமேதம், வருணை கலக்கும் ஆதிகேசவம், பஞ்சகங்கா, மணிகர்ணிகா ஐந்திலும் படகில் போய்ச் செய்வார்கள். அதற்கே ஒரு பகல் வேண்டும். குளிர்ந்த நீரில் மூழ்கி, ஈரத்துணியோடு பனியில் உட்கார்வது அம்மாவின் வயதுக்கு ஆகாது.

இனி கொல்கத்தா. அங்கே எந்தக் கிழமையில் எது என்பதுதான் எல்லாம். இந்தியன் மியூசியம், விக்டோரியா நினைவு மண்டபத்தின் கூடங்கள், ஜோராசாங்கோவில் தாகூர் வீடு மூன்றும் திங்களன்று மூடியிருக்கும். காலேஜ் தெருவின் புத்தகக் கடைகள் ஞாயிறு விடுமுறை. வரிசையை மாற்றிவிட்டால் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

சனிக்கிழமை வடக்கு. சிலை செய்யும் குயவர்களின் பகுதியான குமார்துலி (ஷோபாபஜார் நிலையம்), பிறகு தாகூர் வீடு (கிரிஷ் பார்க்), பிறகு காலேஜ் தெரு (மகாத்மா காந்தி ரோடு) என்று ஒரே மெட்ரோ தடத்தில் தெற்கு நோக்கி இறங்கி வரலாம். அந்தச் சமயத்தில் குமார்துலியில் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் உருவாகிக்கொண்டிருக்கும். மூங்கில் சட்டம், அதன்மேல் கட்டிய வைக்கோல் உடல், உமி கலந்த ஒட்டுமண், அது வெடித்தபின் பூசும் நைஸான மண் என்று எல்லா நிலைகளையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் பார்க்கலாம். மகளை வரைபுத்தகம் எடுத்துவரச் சொல்லுங்கள். படம் எடுக்கும்முன் கேட்டுக்கொள்வது மரியாதை.

ஞாயிறு, மியூசியம் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். 1814இல் தொடங்கியது, ஒரே நாளில் முழுதும் பார்க்க ஆகாது. பார்ஹுத் கூடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பார்ஹுத் என்ற ஊரின் பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் சிவப்பு மணற்கல் வேலி. புத்தருக்காக ஜேதவனம் என்ற தோப்பை விலைக்கு வாங்கும் வட்டச் சிற்பத்தில், தரையில் பரப்பும் காசுகள் சதுரச் சதுரமாகத் தெரியும், கீழே பிராமி எழுத்தில் விளக்கமும் இருக்கும். பாறையில் வெட்டிய மாமல்லபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தட்டையான புடைப்பு முதலில் எளிமையாகத் தோன்றும், நின்று பார்க்கவேண்டும். விக்டோரியாவில் அந்த வாரம் பெருங்கூட்டம். கூடங்களை விட்டுவிட்டு மாலையில் தோட்டத்தில் உட்காரலாம்.

திங்கள் அம்மாவின் நாள். எட்டு மணிக்குள் தட்சிணேஸ்வரம் காளி கோயில். செவ்வாய், சனி, ஞாயிறுகளில் வரும் நெரிசல் அன்று இருக்காது. மெட்ரோ நிலையத்திலிருந்து கோயில்வரை மேம்பாதை இருக்கிறது. கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகு உண்டு. படகில் ஏறி இறங்க முடியாதென்றால் கார். இரண்டு இடங்களும் மதியம் மூடி மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும், அதனால் பேலூரைப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள்.

தங்க லேக் மார்க்கெட் பக்கம் பாருங்கள். தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி, அம்மாவுக்குச் சைவச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பார்க் தெருவில் அறை எடுக்கவேண்டாம். கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க ஊரே திரண்டு, மாலையில் வண்டி நகராது. விளக்குகளை காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பழைய சுரங்க நிலையங்களில் எல்லா வாசலிலும் நகரும் படிக்கட்டு இல்லை. அம்மா வரும்போது கார்தான். டிராமை நம்பித் திட்டமிடவேண்டாம், பெரும்பாலான தடங்கள் நின்றுவிட்டன.

பிப்ரவரிக் காசிக்கு இப்போதே செய்யவேண்டியவை சில. சிவராத்திரியை ஒட்டிய பத்து நாட்களைத் தவிருங்கள். அசி அல்லது கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் தங்குங்கள். அனுமன் காட், கேதார் காட் பகுதியில் தமிழ் பேசும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். உங்கள் குடும்ப வாத்தியார் மூலம் முன்பே பேசி, தேதி, தட்சிணை, படகுக் கூலி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படித்துறையில் வந்து கேட்பவர்களிடம் அப்போதைக்குப் பேரம் பேசி ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு துறையிலும் தொகை ஏறும். படகை அசியிலோ, சாய்தளம் உள்ள நமோ காட்டிலோ ஏறும்படி பேசுங்கள், அம்மாவுக்குப் படிகள் குறையும். ரயிலில் வருவதானால் சீட்டில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். வாராணசி சந்திப்பு, பனாரஸ் இரண்டும் ஊருக்குள்; முகல்சராய் என்று நாம் அறிந்த தீனதயாள் உபாத்யாய சந்திப்பு ஆற்றுக்கு அப்பால், ஏறக்குறைய 17 கிலோமீட்டர். விசுவநாதர் கோயிலில் கைபேசி, பை எதுவும் அனுமதி இல்லை, எல்லாவற்றையும் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மகளுக்கு அங்கே ஒரு காலை சாரநாத். அசோகர் தூணின் உச்சியில் இருந்த நான்கு சிங்கச் சிற்பம் அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை.