டெவ்ஆப்ஸ் பக்கம் தாவ நினைப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வருடமாக ஜாவா, ஸ்பிரிங் பூட்டில் வேலை. டெவ்ஆப்ஸுக்கு (எழுதிய மென்பொருளை சர்வரில் ஏற்றி, ஓட்டிப் பராமரிக்கும் வேலை) மாற ஆசை. டாக்கர், கூபர்னெட்டிஸ், டெர்ராஃபார்ம், ஆன்சிபிள், ஜென்கின்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. எதில் தொடங்குவது? (கோவை வாசகர்)

பட்டியலை ஓரமாக வையுங்கள். முதல் இரண்டு மாதம் லினக்ஸும் நெட்வொர்க்கும் மட்டும். நன்றாக கோடு எழுதுகிறவர்களும் சறுக்கி விழுவது இங்கேதான். டாக்கர் ஓட்டும் கன்டெய்னரை (அப்ளிகேஷனுக்கான தனி அறை) குட்டி மெஷின் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது நேம்ஸ்பேஸ் (எதைப் பார்க்கலாம் என்பது), சிகுரூப் (எவ்வளவு மெமரி, சிபியு எடுக்கலாம் என்பது) என்ற இரண்டு லினக்ஸ் கர்னல் வசதிகளால் வேலி போட்ட சாதாரண பிராசஸ். இது பிடிபட்டுவிட்டால் டாக்கரில் மிச்சம் இருப்பது கட்டளைகள்தான்.

ஒரு லினக்ஸ் மெஷினில் உங்கள் ஜார் ஃபைலைப் (பில்ட் ஆன ஜாவா அப்ளிகேஷன்) போட்டு, சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் பின்னணியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை) ஓடவிடுங்கள். அதற்கு முன்னால், ரிக்வெஸ்ட்களை முதலில் வாங்கும் வெப் சர்வராக எஞ்சின்எக்ஸை (Nginx) வையுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். லாக் ஃபைலை ஊதவிட்டு டிஸ்க்கை நிரப்புங்கள். நிரம்பியதும் அந்த ஃபைலை அழியுங்கள். டிஸ்க் இன்னும் 100 சதவீதம் என்றே காட்டும். ஃபைலின் பெயர்தான் போயிற்று. ஓடுகிற பிராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை கர்னல் இடத்தை விடாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். அழிக்காமல் ஃபைலின் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இன்டர்வியூவில் அடிக்கடி விழும் கேள்வியும் இது.

அடுத்து, வேறு கம்பெனி தேடும் முன் உங்கள் டீமின் பில்டையே கையில் எடுங்கள். டாக்கர்ஃபைலில் (கன்டெய்னருக்கான இமேஜைக் கட்டும் செய்முறை) சோர்ஸ் முழுவதையும் முதலிலேயே காப்பி செய்திருக்கிறார்களா பாருங்கள். ஒரு லேயர் (அந்தச் செய்முறையின் ஒரு படி) மாறினால் அதற்குப் பின் வரும் எல்லா லேயரும் திரும்ப ஓடும். ஒரு வரி கோடு மாறினாலும் லைப்ரரிகள் முழுக்க மறுபடி இறங்குவது அதனால்தான். முதலில் பாம் ஃபைலை (pom.xml, லைப்ரரிப் பட்டியல்) மட்டும் காப்பி செய்து லைப்ரரிகளை இறக்குங்கள், சோர்ஸ் பிறகு வரட்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பில்டுக்கு ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள். ரெஸ்யூமேயில் பத்து கருவிப் பெயர்களை விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கூபர்னெட்டிஸில் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் கருவி) எங்கள் பாட் (Pod, கன்டெய்னர் ஓடும் அலகு) 137 என்ற எக்சிட் கோடுடன் விழுகிறது. மெமரி லிமிட்டை ஏற்றியும் தீரவில்லை. ஏன்? (சென்னை வாசகர்)

137 என்பது 128-உடன் 9. ஒன்பதாம் சிக்னலான சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் கட்டளை) வந்து பிராசஸைக் கொன்றிருக்கிறது என்று பொருள். கொன்றது யார் என்பதை அந்த எண் சொல்லாது. அந்த பாட்-ஐ டிஸ்கிரைப் (kubectl describe) செய்து, கடைசி நிலைக்கு எதிரே என்ன காரணம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஓஓஎம்கில்டு (OOMKilled) என்று இருந்தால் மெமரிதான். லிமிட் 512 எம்பி, ஜாவா ஹீப்பும் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) 512 எம்பி என்று வைப்பது வழக்கமான தவறு. ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் எல்லாம் இடம் கேட்கும். லிமிட்டில் கால்வாசியாவது அவற்றுக்கு விட்டு வையுங்கள்.

வெறும் எர்ரர் என்று இருந்து, டிப்ளாய் செய்யும்போது (புதிய பதிப்பை ஏற்றும்போது) மட்டும் விழுந்தால் மெமரியைத் தொடவே வேண்டாம். பாட்-ஐ நிறுத்தும்போது கூபர்னெட்டிஸ் முதலில் சிக்டெர்ம் (SIGTERM, முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும், வழக்கமாக 30 நொடி பொறுக்கும், அப்புறம்தான் சிக்கில். உங்கள் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ஜாவாவை வெறுமனே அழைத்தால், கன்டெய்னரில் முதல் பிராசஸாக நிற்பது ஷெல். சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும். ஜாவாவுக்குச் சேதியே போகாது. 30 நொடி வீணாகி, பாதியில் நின்ற ரிக்வெஸ்ட்களோடு ஜாவா சாகும். ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் ஜாவாவுக்கு முன்னால் எக்செக் (exec) என்று ஒரே சொல் சேருங்கள். ஷெல்லின் இடத்தில் ஜாவாவே உட்கார்ந்துவிடும். அடுத்த டிப்ளாயில் எக்சிட் கோடு 143 என்று வந்தால் சரியாகிவிட்டது: 128-உடன் 15, அதாவது சிக்டெர்ம்.

கேள்வி: சிகேஏ (CKA, கூபர்னெட்டிஸ் நிர்வாகி) சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா? (மதுரை வாசகர்)

ரெஸ்யூமே சல்லடையைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். ஆனால் மனப்பாடத்துக்கு வேலையில்லாத தேர்வு: இரண்டு மணி நேரம், உண்மையான கிளஸ்டரில் கட்டளை அடித்துக் காட்ட வேண்டும், தேற 66 சதவீதம். அதற்காகப் பழகிய கை வீண் போகாது.

கேள்வி: வீட்டில் பழக ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கணக்கு அவசியமா? (திருச்சி வாசகர்)

தொடக்கத்தில் வேண்டாம். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் மினிகியூப் (ஒரே மெஷினில் ஓடும் குட்டி கூபர்னெட்டிஸ்) ஓடும். டெர்ராஃபார்ம் (கிளவுட் வசதிகளைக் கோடு எழுதி உருவாக்கும் கருவி) பழகும்போது கணக்கு திறந்தால், முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் வையுங்கள். நாட் (NAT) கேட்வே, லோட் பேலன்சர் என்ற நெட்வொர்க் வசதிகள் இரண்டும் நீங்கள் தொடாவிட்டாலும் மணிக்கணக்கில் பில் ஏற்றும். பழகி முடித்ததும் அன்றன்றே டெஸ்ட்ராய் கொடுங்கள். ஸ்டேட் ஃபைலை (உருவாக்கியதை டெர்ராஃபார்ம் குறித்து வைக்கும் ஃபைல்) கிட்டில் (Git) ஏற்றிவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் அப்படியே படிக்கிற எழுத்தில் கிடக்கும்.