கையேடு சொல்லும் வேகம் சிமுலேட்டரில் வர: கேள்வி பதில்

கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானத்தின் கோப்புகளைத் திருத்துவது பற்றி நம் கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பலரிடம் இருப்பது செஸ்னா 172எஸ் என்பதால் அதன் கையேட்டு எண்களையே எடுத்துக்கொண்டேன். ஒரு வேண்டுகோள்: விமானத்தின் கோப்புறையை முழுதாக நகல் எடுத்து வைக்காமல் எதையும் தொடாதீர்கள். ஒரே ராத்திரியில் ஐந்து எண்களை மாற்றி, எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் ஒரு நல்ல விமானத்தை நான் இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தொண்டி: அண்ணே, 8,500 அடியில் என் 172எஸ் 109 நாட் (மணிக்கு 109 கடல் மைல்) வேகம்தான் காட்டுகிறது. கையேட்டில் 124 என்று இருக்கிறது. எஞ்சின் சக்தியைக் கூட்டலாமா?

வேண்டாம் தம்பி, உங்கள் விமானம் சரியாகத்தான் பறக்கிறது. 124 என்பது காற்றினூடே விமானம் போகும் உண்மை வேகம். வேக மீட்டரோ விமானத்துக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னக் குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 77 சதவீதம். அதன் வர்க்கமூலம் 0.88. 124-ஐ 0.88-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 109 வந்துவிடும். நல்ல விமானங்களைப் பலர் கெடுப்பது இந்த ஒரு குழப்பத்தால்தான்.

கீழக்கரை: எனக்கு உண்மை வேகமே 135 நாட் வருகிறது. எதைக் குறைப்பது?

முதலில் எஞ்சின் 75 சதவீத சக்தியில்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். கையேட்டின் 124 அந்தச் சக்திக்கு உரியது. அது சரி என்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். தொட்டால் ஏறும் வேகமும் ஓடுபாதையில் ஓடும் தூரமும் சேர்ந்து கெடும். மாற்ற வேண்டியது இழுவையை, அதாவது காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையை. ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி கோப்பில் ஃப்ளைட் டியூனிங் பகுதியில் 'பாரசைட் டிராக் ஸ்கேலர்' என்ற வரி இருக்கும்.

எவ்வளவு மாற்றுவது? விமானத்தின் உடல் காற்றைக் கிழித்துப் போவதால் வரும் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியோடு (வேகம் × வேகம் × வேகம்) கூடும். 135-ஐ 124-ஆல் வகுத்தால் 1.089. 1.089 × 1.089 × 1.089 என்று பெருக்கினால் 1.29. ஆனால் மொத்த இழுவையில் ஒரு பங்கு இறக்கை தூக்குவதால் வருவது. அது வேகம் குறைந்தால் கூடும். அதனால் முழு 1.29 தேவைப்படாது. வரியில் 1.0 இருந்தால் 1.25 என்று வைத்துத் தொடங்குங்கள். ஆட்டோபைலட் தானியங்கியில் மட்டமாகப் பத்து நிமிடம் பறக்கவிட்டு, முள் அசையாமல் நின்ற பிறகு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 0.01, 0.02 என்று நகர்த்தினால் போதும்.

ராமநாதபுரம்: மதுரையிலிருந்து நேரடி வானிலையில் கிளம்பினேன். கையேடு சொல்லும் நிமிடத்துக்கு 730 அடி ஏற்றம் வரவே இல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? மத்தியானம் என்றால் வராது, வரவும் கூடாது. 730 என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரியில், 2,550 பவுண்டு முழு எடையில் வரும் கணக்கு. மதுரை ஓடுபாதை சுமார் 460 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் 38 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தின் தர வெப்பநிலையான 14 டிகிரியைவிட 24 டிகிரி கூட. சூட்டில் காற்று மெலிவதால், 460-உடன் டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால், விமானத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய 3,300 அடி மலைமேல் இருக்கும் ஓடுபாதை. கோப்பைச் சோதிக்கும்போது நம் ஊர் வெயிலை அணைத்துவிட்டு 15 டிகிரி, 1013 மில்லிபார், காற்றே இல்லாத வானம் என்று வையுங்கள். வாடையும் கச்சானும் சோதனை முடிந்த பிறகு இருக்கட்டும்.

பாம்பன்: ஸ்டிக்கைத் தொட்டாலே மூக்கு துள்ளுகிறது. எடை எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

எடை சரி, அது எங்கே பரவியிருக்கிறது என்பது சரியில்லை. நீங்கள் படகில் போகிறவர், கண்ணால் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஐஸ் பெட்டியையும் நடுவில் வைத்தால் சின்ன அலைக்கும் அணியம் சட்டென்று எழும்பி இறங்கும். அதே பெட்டிகளில் ஒன்றை அணியத்திலும் ஒன்றைப் பின்பக்கத்திலும் வைத்தால் படகின் எடை மாறவில்லை, ஆனால் நிதானமாக எழும்பி நிதானமாக இறங்கும். கோப்பில் இதைச் சொல்லும் வரி 'எம்டி வெயிட் பிட்ச் எம்ஓஐ'. எடை இரட்டித்தால் இந்த எண் இரட்டிக்கும். நடுவிலிருந்து தூரம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். இலவச விமானங்களில் வேறொரு சின்ன விமானத்தின் எண்ணை அப்படியே விட்டிருப்பார்கள். பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்டிக்கை விட்ட பிறகும் மூக்கு ஆடிக்கொண்டே இருந்தால் நோய் வேறு. அதற்கு 'பிட்ச் ஸ்டெபிலிட்டி' வரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

ஏர்வாடி: எரிபொருள் மணிக்கு 12 காலன் போகிறது. 10 போனால் போதுமே?

'ஃப்யூயல் ஃப்ளோ ஸ்கேலர்'. 10-ஐ 12-ஆல் வகுத்து 0.83 என்று வையுங்கள். இழுவையைச் சரிசெய்த பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

ராமேஸ்வரம்: அண்ணா, 2020 சிமுலேட்டரில் அந்த வரிகளையே காணோமே?

அதில் கோப்பைப் பிரித்துவிட்டார்கள் தங்கச்சி. இழுவை, எடை எல்லாம் ஃப்ளைட் மாடல் டாட் சிஎஃப்ஜியில் இருக்கும். எஞ்சின் வரிகள் எஞ்சின்ஸ் டாட் சிஎஃப்ஜியில். கடையில் வாங்கிய சில விமானங்கள் பூட்டியே வரும், அவற்றைத் திறக்க முடியாது.

மண்டபம்: உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளத்து டோர்னியர் 228 விமானம் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும். அதைச் சிமுலேட்டரில் செய்ய கிங் ஏர் விமானத்தின் கோப்பை எடுத்துத் திருத்தினால் போதுமா அண்ணே?

ஆசை நியாயமானது, ஆனால் அடித்தளம் தவறு. கிங் ஏரின் பிடி6 எஞ்சினில் புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் தனி. டோர்னியரின் டிபிஇ331-இல் எல்லாம் ஒரே தண்டு, பல்சக்கரம் வழியாக நேரே புரொப்பெல்லருக்குப் போகும். அதனால் ஸ்டார்ட் செய்த கணமே புரொப்பெல்லரும் சுழலத் தொடங்கும். பறக்கும்போதும் அது நிமிடத்துக்கு 1,591 சுற்று என்ற தன் வேகத்தை விட்டு அதிகம் இறங்காது. சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் எரிபொருள்தான் மாறும், சுற்று மாறாமல் நிற்கும்படி பிளேடின் கோணம் தானே திரும்பிக்கொள்ளும். கிங் ஏர் எண்களை வைத்து வேகத்தைக் கொண்டுவந்துவிடலாம், சக்தி லீவரின் குணம் வராது.

அடுத்த முறை அது இறங்க வரும்போது மொட்டைமாடிக்குப் போய் நின்று கேளுங்கள். வேகம் குறைந்துகொண்டே வரும், புரொப்பெல்லர் சத்தத்தின் சுருதி பெரிதாக இறங்காது. அந்தச் சுருதி உங்கள் சிமுலேட்டரிலும் அப்படியே நிற்கும்வரை சுற்று எண்ணிக்கையைச் சொல்லும் ஆர்பிஎம் வரிகளிலேயே வேலை செய்யுங்கள். இழுவைக்கு அப்புறம் வரலாம்.