கெர்னல் மெமரி, லாக் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

லினக்ஸ் கெர்னல் மட்டும்தான் எடுத்துக்கிறேன், அதுலயும் மெமரியும் லாக்கும் (ஒரே டேட்டாவை ரெண்டு பேர் ஒரே நேரம் மாத்தாம தடுக்குற பூட்டு) ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற இடம்தான் எனக்கு நல்லா பழக்கம். டிரைவர் எழுதுறவங்க தாராளமா கேளுங்க. கெர்னல் வெர்ஷன் என்னன்னு மறக்காம போடுங்க, ஸ்கிரீனை போட்டோ புடிச்சு போடாதீங்க, டிமெசேஜ் (கெர்னல் தன் மெசேஜை காட்டுற கமாண்ட்) அவுட்புட்டை முதல் வரியில இருந்து டெக்ஸ்ட்டா ஒட்டுங்க.

சுள்ளான்: அண்ணா, ஒரு சின்ன டிரைவர் எழுதியிருக்கேன். ஸ்பின்லாக் (கிடைக்கிற வரைக்கும் தூங்காம சுத்திட்டே காத்திருக்குற லாக்) புடிச்சிட்டு உள்ள கேமல்லாக் (கெர்னல்ல மெமரி வாங்குற ஃபங்ஷன்) பண்ணி லிஸ்ட்ல சேக்குறேன். என் லேப்டாப்ல ஒரு பிரச்சனையும் இல்ல, போர்டுல போட்டா எப்பவாவது ஒரு தடவ அப்படியே உறைஞ்சு போகுது. ஏன்?

ஜிஎஃப்பி_கெர்னல் போட்டுத்தான் கேட்டிருப்பீங்க, சரியா? அந்த ஃப்ளாக்குக்கு அர்த்தமே "மெமரி இல்லன்னா நான் காத்திருக்க ரெடி"ங்கிறதுதான். லேப்டாப்ல ராம் நிறைய கிடக்கு, அதனால கேட்ட உடனே பேஜ் (மெமரியோட ஒரு துண்டு) கிடைச்சிடுது, தூங்க வேண்டிய அவசியமே வரல. போர்டுல ராம் கம்மி, ஃப்ரீ பேஜ் குறைஞ்சு வாட்டர்மார்க்குக்கு (கெர்னல் வெச்சிருக்கிற எல்லைக்கு) கீழ போனதும் பேஜை காலி பண்ற கெர்னல் த்ரெட் கேஎஸ்வாப்டி எழுந்திரிக்கும், அதுவும் பத்தலன்னா மெமரி கேட்ட உங்க த்ரெட்டே உக்காந்து பழைய பேஜை காலி பண்ணணும், டைரக்ட் ரீக்ளெய்ம்னு சொல்றது அதைத்தான். அங்க த்ரெட் தூங்கலாம். நீங்க லாக்கை கையில வெச்சிட்டே தூங்கிட்டீங்க, ஸ்கெட்யூலர் அதே சிபியூல இன்னொரு த்ரெட்டை ஏத்துது, அது அதே லாக்கை கேட்டு சுத்த ஆரம்பிக்குது, சுத்தும்போது ப்ரீஎம்ப்ஷனும் (ஓடுற த்ரெட்டை நடுவுல நிறுத்தி வேற த்ரெட்டை ஏத்துறது) ஆஃப், அப்புறம் நீங்க எப்படி திரும்ப வந்து லாக்கை விடுவீங்க? போர்டு உறையுறது இதுனாலதான்.

பண்ண வேண்டியது: மெமரியை லாக்குக்கு முன்னாடியே வாங்கிடுங்க, நல் (மெமரி கிடைக்கலன்னா வர வெறும் பாயின்டர்) வந்துச்சான்னு பாருங்க, ஃபீல்டெல்லாம் நிரப்புங்க, அப்புறம் லாக்கை புடிச்சு லிஸ்ட்ல கோத்துட்டு உடனே விட்டுடுங்க. லாக் புடிச்சதும் நிலைமை மாறியிருக்கான்னு மறுபடி ஒரு தடவ பாக்கணும், வேற யாராவது அதே என்ட்ரியை முன்னாடியே போட்டிருந்தா நீங்க வாங்கினதை லாக்கை விட்டப்புறம் ஃப்ரீ பண்ணிடுங்க. இன்டரப்ட் ஹேண்ட்லரும் (ஹார்டுவேர் கூப்பிட்டதும் ஓடுற கோடு) அதே லிஸ்ட்டை தொடுதுன்னா ஐஆர்க்யூசேவ் வகை, அதாவது புடிக்கும்போது இன்டரப்டையும் நிறுத்தி வெக்கிற ஸ்பின்லாக் வேணும். கெர்னல் கான்ஃபிக்ல டீபக் அட்டாமிக் ஸ்லீப்பை ஆன் பண்ணி பில்டு போடுங்க, அப்புறம் ராம் எவ்வளவு இருந்தாலும் சரி, நிஜமா தூங்காட்டியும் சரி, தூங்கக்கூடிய ஃபங்ஷனை அங்க கூப்பிட்டதுக்கே திட்டிடும். லேப்டாப்லயே மாட்டியிருக்கும்.

இதை எத்தனை தடவ வேணாலும் சொல்வேன், ஸ்பின்லாக்கை கையில வெச்சிட்டு மெமரி கேக்காதீங்க.

பேஜ்ஃபால்ட்: ப்ரோ என் சர்வர்ல 16 ஜிபி ராம், ஃப்ரீ கமாண்ட் போட்டா 300 எம்பிதான் மிச்சம்னு காட்டுது. கெர்னல்ல மெமரி லீக்கா?

இல்ல. டிஸ்க்ல படிச்ச ஃபைலை கெர்னல் பேஜ் கேஷ்ல வெச்சிருக்கு, யாராவது கேட்டா விட்டுக் குடுத்துடும். ஃப்ரீன்னு இருக்கிற எண்ணை விடுங்க, அவைலபிள்னு இருக்கிற எண்ணை பாருங்க. 3.14 வெர்ஷன்ல இருந்து (2014) அந்த கணக்கை கெர்னலே போட்டு குடுக்குது.

கெர்னல்குட்டி: அப்ப எல்லா இடத்துலயும் ஜிஎஃப்பி_அட்டாமிக் போட்டுட்டா தூக்கம் பிரச்சனையே இல்லையே?

தூங்காது, ஆனா கிடைக்கும்னு உத்தரவாதமும் இல்ல. அவசரத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச ரிசர்வுல இருந்து எடுக்கும், எல்லாரும் அதுலயே கை வெச்சா நெட்வொர்க் கார்டோட இன்டரப்ட் நிஜமா ஒரு பஃபர் கேக்கும்போது காலியா இருக்கும், பாக்கெட் விழும். வெளிய வாங்க முடியவே முடியாத இடத்துக்கு மட்டும்தான் அது.

ஜன்னலோரம்: விண்டோஸ்ல பேஜ்ஃபைல் சைஸ் எவ்வளவு வைக்கணும்?

எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்லங்க, விண்டோஸ் தெரிஞ்சவங்க கிட்ட கேளுங்க.

நூறுத்ரெட்: எங்க அப்ளிகேஷன்ல நூத்துக்கணக்கான த்ரெட் ஓடுது. லோடு ஏறினா சிபியூ சும்மா இருக்கு, ஆனா எல்லாம் மெதுவாகுது, பெர்ஃப்ல (நேரம் எங்க போகுதுன்னு காட்டுற டூல்) பாத்தா எம்மேப் லாக்ல காத்திருக்குன்னு வருது. கெர்னல் 5.10. சில நேரம் ஓடுற ப்ராசஸை காட்டுற பிஎஸ் கமாண்டே தொங்குது.

நல்ல கேள்வி, இதுக்காகத்தான் உக்காந்திருக்கேன். ஒரு ப்ராசஸோட அட்ரஸ் ஸ்பேஸ் முழுசுக்கும் ஒரே ஒரு ரீடர் ரைட்டர் லாக், அதுதான் எம்மேப் லாக் (5.8க்கு முன்னாடி எம்மேப் செம்னு பேரு, பழைய கட்டுரைல அப்படித்தான் இருக்கும்). பேஜ் ஃபால்ட் (தொட்ட பேஜ் இன்னும் தயாரா இல்லன்னா கெர்னல் வந்து ஏற்பாடு பண்றது) வந்தா ரீட் பக்கமா புடிக்கும், அது நூறு த்ரெட் ஒண்ணா புடிக்கலாம். எம்மேப், எம்அன்மேப், எம்ப்ரொடெக்ட் (மெமரி ஏரியாவை சேக்குற, எடுக்குற, அனுமதி மாத்துற சிஸ்டம் கால்) எல்லாம் ரைட் பக்கமா புடிக்கும், அப்ப வேற யாருக்கும் இடமில்ல. இதுல கொடுமை என்னன்னா ஒரு ரைட்டர் வந்து வரிசையில நின்னாலே போதும், அவருக்கு பின்னாடி வர ரீடர் எல்லாரும் அவர் முடிக்கிற வரைக்கும் நிக்கணும். முன்னாடி புடிச்ச ரீடர் ஒருத்தர் டிஸ்க் வரணும்னு காத்திருந்தா மொத்த ப்ராசஸும் அவருக்காக நிக்கும். ப்ராசஸோட கமாண்ட் லைனை படிக்கவும் அதே லாக் வேணும், அதான் உங்க பிஎஸ் தொங்குது.

6.1ல (2022) மேப்பிள் ட்ரீ வந்துச்சு, ஏரியா எல்லாத்தையும் ரெட்பிளாக் ட்ரீ, லிங்க்டு லிஸ்ட்னு வெச்சிருந்ததை மாத்தி, லாக் இல்லாம ஆர்சியூவுலயே (ரீடர் லாக் புடிக்காமலே படிக்க விடுற முறை) தேடுற மாதிரி ஆச்சு. அது மேல 6.4ல (2023) ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் (அட்ரஸ் ஸ்பேஸ்ல ஒரு ஏரியா) தனி லாக் வந்துச்சு, முதல்ல அனானிமஸ் (எந்த ஃபைலோடயும் சேராத) பேஜ் ஃபால்ட்டுக்கு மட்டும், அடுத்தடுத்த வெர்ஷன்ல ஃபைல் பேஜுக்கும். வேற வேற ஏரியாவுல ஃபால்ட் ஆகுற த்ரெட்டுங்க இப்ப பெரிய லாக்கை தொடவே வேண்டியதில்ல. உங்களுக்கு கெர்னல் ஏத்துறதுதான் வழி. அதுவரைக்கும் அடிக்கடி எம்மேப் எம்அன்மேப் பண்றதை குறைங்க, அலொக்கேட்டர் (மல்லாக் மாதிரி) மெமரியை கெர்னலுக்கு அடிக்கடி திருப்பிக் குடுக்காத மாதிரி அளவை ஏத்துங்க.

ஆனா 6.1ல இருந்து 6.4க்குள்ள எங்கயாவது நின்னுடாதீங்க, பேட்ச் லெவலை பாருங்க. ஸ்டாக்ராட்னு 2023 ஜூலைல வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ-2023-3269) அங்கதான். ஸ்டாக் வளரும்போது எம்மேப் லாக்கை ரீட் பக்கம் மட்டும் புடிச்சிட்டே மேப்பிள் ட்ரீயோட நோடை மாத்தினாங்க, பழைய நோடை இன்னொரு ரீடர் பாத்துட்டு இருக்கும்போதே அது ஃப்ரீ ஆயிடும். ஸ்டாக் வளரணும்னா ரைட் லாக் புடிச்சே ஆகணும்னு மாத்தித்தான் சரி பண்ணாங்க. லாக்கை சின்னதாக்குறப்ப எது எதை காப்பாத்துதுன்னு ஒவ்வொண்ணா மறுபடி பாக்கணும்.

பேஜ்ஃபால்ட்: அவைலபிள் பாத்தேன், 11 ஜிபி. ஆனாலும் மணிக்கு ஒரு தடவ க்ரான்ல ட்ராப் கேஷஸ் போட்டு வெச்சிருக்கேன், நல்லதுதானே?

எடுத்துடுங்க. கேஷை தூக்கி எறிஞ்சுட்டு அதே ஃபைலை மறுபடி டிஸ்க்ல இருந்து படிக்கிறீங்க. டெஸ்ட்டுக்கு மட்டும் உள்ள விஷயம் அது.

ரூட்யூசர்: ஒரு விஷயம் சொல்லட்டுமா, சின்ன சைஸ் கேமல்லாக் ஜிஎஃப்பி_கெர்னலோட கேட்டா ஃபெயிலே ஆகாது. நல் செக்கெல்லாம் ஓடவே ஓடாத கோடு. சும்மா எல்லாரையும் எழுத வைக்கிறீங்க.

பாதி சரி. 8 பேஜ் வரைக்கும், அதாவது 4 கேபி பேஜ்னா 32 கேபி, அலொக்கேட்டர் விடாம முயற்சி பண்ணும், தேவைப்பட்டா ஓஓஎம் கில்லரை கூப்பிட்டு ஒரு ப்ராசஸை கொன்னாவது குடுக்கும். ஆனா அது இன்னைக்கு நடக்குற விதம், யாரும் குடுத்த வாக்கு இல்ல. ஓஓஎம் கில்லர் குறி வெச்ச ப்ராசஸே கேட்டா அதுக்கு நல் போகலாம். நல் செக் எழுதுங்க.

ரூட்யூசர்: டெஸ்ட் பண்ணாத எரர் பாத்லதான் (ஃபெயில் ஆனா மட்டும் ஓடுற கோடு) பக் அதிகம். அதை எழுதாம இருந்தாலே நல்லது.

டெஸ்ட் பண்ணாத எரர் பாத் ஆபத்துங்கிறதை முழுசா ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் ஃபெயில்ஸ்லாப் இருக்கு, வேணும்னே அலொக்கேஷனை ஃபெயில் ஆக்கும், ஆன் பண்ணி ஒரு ராத்திரி ஓட விடுங்க.

கெர்னல்குட்டி: ஃபெயிலே ஆகாம காத்திருக்கிறது நல்லதுதானே, ரெண்டு பேரும் ஏன் சண்டை போடுறீங்க?

நல்லது இல்ல, அதை சொல்லத்தான் வரேன். ஒரு ஃபைல்சிஸ்டம் ஏதோ ஒரு மியூட்டெக்ஸை (கிடைக்கலன்னா தூங்கி காத்திருக்குற லாக்) புடிச்சிட்டு மெமரி கேக்குது. மெமரி இல்ல. ஓஓஎம் கில்லர் ஒரு ப்ராசஸை குறி வெக்குது. அந்த ப்ராசஸ் அதே மியூட்டெக்ஸுக்காக காத்திருக்கு, அதால சாக முடியல, சாகாம மெமரி வராது, மெமரி வராம மியூட்டெக்ஸ் விடுபடாது. 2014 கடைசில கெர்னல் டெவலப்பர்கள் இதை பெருசா விவாதிச்சாங்க, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ஆளுங்களுக்கும் மெமரி ஆளுங்களுக்கும் நடுவுல. 4.6ல (2016) ஓஓஎம் ரீப்பர் வந்துச்சு, குறி வெச்ச ப்ராசஸ் சாகுற வரைக்கும் காத்திருக்காம அதோட அனானிமஸ் மெமரியை முன்னாடியே பிடுங்கிடும். அதுக்கும் அந்த ப்ராசஸோட எம்மேப் லாக் ரீட் பக்கம் வேணும், கிடைக்கலன்னா 0.1 செகண்ட் இடைவெளில 10 தடவ முயற்சி பண்ணிட்டு விட்டுடும்.

ரூட்யூசர்: அப்ப ஃபைல்சிஸ்டம்ல ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் போடுறது?

அது வேற வட்டத்தை உடைக்க, ரீக்ளெய்ம் திரும்ப ஃபைல்சிஸ்டத்துக்குள்ளயே வந்து அதே லாக்கை கேக்கக்கூடாதுன்னு. ஒவ்வொரு கேமல்லாக்லயும் தெளிக்காம, எந்த இடத்துல ஆபத்து தொடங்குதோ அங்க மெம்அல்லாக் நோஎஃப்எஸ் சேவ் போட்டு, முடியுற இடத்துல ரீஸ்டோர் போடுங்க. நல் செக் விஷயத்துல நான் நகர மாட்டேன், இதோட அதை விட்டுடுவோம்.

ஸ்வாப்புசாமி: சார் எனக்கும் 8 ஜிபில 200 எம்பிதான் ஃப்ரீ...

பேஜ்ஃபால்ட்டுக்கு சொன்னதை படிங்க.

பழையகாலம்: கெர்னல் மொத்தத்துக்கும் ஒரே லாக் இருந்துச்சாமே, உண்மையா?

உண்மை. பிக் கெர்னல் லாக், 2.0ல (1996) மல்டி ப்ராசஸர் சப்போர்ட்டோட வந்துச்சு, 2.6.39ல (2011) முழுசா ஒழிஞ்சது. பிச்சு எடுக்க 15 வருஷம்.

சுள்ளான்: அண்ணா மாத்திட்டேன், உறையல. இப்ப ரெண்டு லாக் ஆயிடுச்சு, டிவைஸுக்கு ஒண்ணு க்யூவுக்கு ஒண்ணு. லாக்டெப்னு ஏதோ சிவப்பா வார்னிங் வருது, ஆனா நல்லாத்தான் ஓடுது.

ஓடுதுன்னு விட்டுடாதீங்க தம்பி. ஒரு இடத்துல டிவைஸ் லாக் முதல்ல, இன்னொரு இடத்துல க்யூ லாக் முதல்ல புடிச்சிருப்பீங்க. ரெண்டு சிபியூ அந்த ரெண்டு வழியிலயும் ஒரே நேரம் வந்தாத்தான் டெட்லாக் (ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்து உறையுறது), ஆனா லாக்டெப் (லாக் புடிக்கிற வரிசையை சோதிக்கிற கெர்னல் வசதி, 2006ல 2.6.18ல வந்தது) அதுக்காக காத்திருக்காது, ரெண்டு வரிசையையும் தனித்தனியா பாத்தாலே போதும், சொல்லிடும். எப்பவும் டிவைஸ் முதல்ல, க்யூ அப்புறம்னு வெச்சிட்டு அதை ஹெடர் ஃபைல்ல கமென்ட்டா எழுதுங்க. முழு வார்னிங்கையும் ஒட்டுங்க, எந்த ஃபங்ஷன்னு பாத்து சொல்றேன்.

ரியல்டைம்: 6.12ல ப்ரீஎம்ப்ட் ஆர்டி (கெர்னலை ரியல்டைமா ஓட வெக்கிற வசதி) மெயின்லைனுக்கு வந்துடுச்சு, அதுல ஸ்பின்லாக்கே தூங்கும்ல, அப்ப உள்ள மெமரி கேக்கலாம்தானே?

ஜிஎஃப்பி_கெர்னலா, கூடாது. உங்க கோடு ஆர்டி இல்லாத கெர்னல்லயும் ஓடணும், அங்க சுள்ளான் மாட்டின மாதிரியே மாட்டும். ஆர்டில இன்னும் ஒண்ணு கவனிங்க, ரா ஸ்பின்லாக் மட்டும் நிஜமாவே சுத்துற லாக்காவே இருக்கு, அதுக்குள்ள ஜிஎஃப்பி_அட்டாமிக் கூட ஆகாது, ஏன்னா அலொக்கேட்டர் உள்ள புடிக்கிற ஸ்பின்லாக் அங்க தூங்கக்கூடிய லாக். உங்க டிரைவர்ல ரா ஸ்பின்லாக் எங்கெல்லாம் இருக்குன்னு தேடி, அந்த பகுதியை மட்டும் ஒட்டுங்க, பாக்கலாம்.